மனநல ஆய்வில் சேரத் தயக்கம் ஏன்?

கேள்வி: அமெரிக்காவில் சிறுபான்மை இனத்தவர் மனநல ஆய்வுகளில் சேர விரும்புவதில்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: கறுப்பின மக்களின் தயக்கத்துக்கு நியாயமான காரணம் உண்டு. அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறையே நடத்திய ஆய்வில், சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்கு, அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகும் சிகிச்சை மறுக்கப்பட்டது. என்ன நோய் என்றுகூட அவர்களிடம் சொல்லவில்லை. மனநல ஆய்விலோ, மனம்விட்டுச் சொல்வது பின்னாளில் வேலைக்கு வினையாகுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. ஆயினும் பழியை மக்கள்மீதே சுமத்துவதை என்னால் ஏற்க முடியாது. 20 உடல்நல ஆய்வுகளை ஒப்பிட்டு 2006இல் வெளியான அலசல், நேரடியாக அழைக்கப்பட்டவர்களில் சம்மதித்தோரின் விகிதம் இனத்துக்கு இனம் பெரிதாக மாறவில்லை என்றே காட்டியது. சிக்கல் அழைக்கும் விதத்திலும் இருக்கிறது: ஸ்பானிய மொழி மட்டுமே அறிந்த பெண்ணிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டி, வேலை நேரத்தில் வரச் சொன்னால், அவர் எப்படி வருவார்?