அப்பாவுக்குப் புரியாதுன்னு யாரு சொன்னா?

கேள்வி: 2023ல நூலக அறிவியல்ல பிஎச்டி சேர்ந்தேன். தென்காசி பக்கத்து ஊர்ப்புற நூலகங்களுக்கு வர்றவங்களோட வாசிப்புப் பழக்கம்தான் தலைப்பு. நாலாவது சாப்டரை கைடு திரும்பத் திரும்ப திருப்பி அனுப்பறார், "டேபிளா இருக்கு, வாசகரையே காணோம்"ங்கிறார். வீட்டுக்காரர் போதும் விட்டுருன்னு சொல்றார். பையன அப்பாதான் பாத்துக்கறாங்க, ஊர்ப்புற நூலகரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, தீசிஸ் என்னாச்சுன்னு தினம் கேப்பாங்க, உங்களுக்குப் புரியாதுப்பான்னு சமாளிச்சுடுவேன். படிப்ப விட்டுடட்டுமா?

பதில்: கைடு மேல கோவம், வீட்டுக்காரர் மேல வருத்தம் எல்லாம் இருக்கட்டும்மா. போற போக்குல எழுதிட்டியே, "உங்களுக்குப் புரியாதுப்பா"ன்னு, அத படிச்சதும் எனக்கு கோவம்தான் வந்துச்சு. உன் தலைப்பு என்ன? ஊர்ப்புற நூலகம். உன் அப்பா என்ன வேலை பாத்தாங்க? அதே ஊர்ப்புற நூலகத்த திறந்து பெருக்கி பேப்பர் விரிச்சு வச்சு, யாரு தினத்தந்தி மட்டும் பாத்துட்டு போவாங்க, எந்தப் பொண்ணு வீட்டுக்குத் தெரியாம நாவல் எடுத்துட்டு போவா, டிஎன்பிஎஸ்சிக்கு படிக்க வந்த பையன் எந்த வருஷத்துல இருந்து வர்றத நிறுத்தினான்னு பாத்துட்டே இருந்த மனுஷன். நீ கேள்வித்தாள குடுத்து "முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்"ல டிக் வாங்கி எஸ்பிஎஸ்எஸ்னு புள்ளிவிவர சாஃப்ட்வேர்ல போட்டு கை ஸ்கொயர்னு ஒரு கணக்கு எடுத்திருப்ப, கைடு தேடற வாசகர் அதுல எப்படிம்மா கிடைப்பார்? அவர் கேக்கறது நியாயம்.

இந்திய நூலக அறிவியலின் தந்தைன்னு சொல்வாங்களே, எஸ்.ஆர்.ரங்கநாதன், அவர் 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு நூலகரா வந்தப்போ கணக்கு வாத்தியார்தான். லண்டன் போய் படிச்சார், அங்க லைப்ரரி லைப்ரரியா போய் வேலை எப்படி நடக்குதுன்னு நேர்ல பாத்தார், அதுக்கப்புறம்தான் 1931ல நூலக அறிவியலோட ஐந்து விதிகள் பத்தி அவர் எழுதின புத்தகம் வந்துச்சு. அதே வருஷம்தான் மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில புத்தகத்த ஏத்திட்டு ஊர் ஊரா போனாங்க. உங்க துறையே வாசகர் முகத்த பாத்து வளந்ததும்மா.

பெத்தவங்க வயசான காலத்துல பேரன தூக்கி சுமக்கணும், ஆனா நம்ம படிப்பு அவங்களுக்குப் புரியாது, இத என்னால ஏத்துக்கவே முடியாது. உழைப்ப வாங்கிக்கிட்டா பதில் சொல்ற கடமையும் இருக்கு. இன்னொன்னு, அந்தப் பையனுக்கு அப்பான்னு ஒருத்தர் இருக்கார்ல? கடிதம் பூரா தேடினேன், போதும் விடுன்னு சொன்னத தவிர அவர் செஞ்ச வேலை ஒண்ணுகூட இல்ல. சாயங்காலம் புள்ளய அவர் பாத்துக்கட்டும், அந்த நேரம் நீ உன் அப்பாகிட்ட போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணிட்டு உக்காரு. எல்லாத்தையும் கேளு, குறுக்க பேசாத. அவங்க காலத்து மத்த நூலகர்கள் நம்பர் அவங்ககிட்ட இருக்கும், அவங்களையும் பாரு, ஏன்னா ஒருத்தர் சொன்னத மட்டும் வச்சு, அதுவும் சொந்த அப்பா சொன்னத வச்சு சாப்டர் எழுதினா வைவால, அதான் கடைசி வாய்மொழித் தேர்வுல, நிக்காது. நேர்காணல் சேர்க்கப் போறேன், அதுல ஒருத்தர் என் அப்பான்னு கைடுகிட்ட முதல்லயே சொல்லிடு, தீசிஸ்லயும் எழுதிடு, ஒவ்வொருத்தர்கிட்டயும் சம்மதம் எழுதி வாங்கு.

நேரம் இல்லன்னு மட்டும் சொல்லாத. யுஜிசியோட 2022 விதிப்படி சேர்ந்த நாள்ல இருந்து 6 வருஷம், மறுபதிவு பண்ணா இன்னும் 2, பெண்களுக்கு அதுக்கு மேலயும் 2 வருஷம் சலுகை உண்டு, உங்க யுனிவர்சிட்டில அதுக்கு எப்ப அப்ளை பண்ணணும்னு ஆபீஸ்ல கேட்டு வச்சுக்கோ. விடறத பத்தி அப்பாகிட்ட பேசி முடிச்சப்புறம் எழுது, அதுக்கு முன்னாடி எழுதினா நான் பதில் போடமாட்டேன்.