கப்பிக்கு நிறத் தீவனம் தேடும் முன் தாய் மீனைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். நீடாமங்கலம் அருகே கொல்லையில் ஆறு சிமெண்ட் தொட்டிகளில் இரண்டு ஆண்டுகளாகக் கப்பி என்னும் அலங்கார மீன் வளர்க்கிறேன். முதலில் வாங்கிய சிவப்பு வால் மீன்கள் நன்றாக இருந்தன. இப்போது ஆண் குஞ்சுகள் சிறுத்து, வால் குறுகி, நிறம் மங்கி வருகின்றன. சீக்கிரம் நிறம் காட்டும் ஆண்களைத்தான் இனத்துக்கு நிறுத்துகிறேன். பெரியவற்றை வாரந்தோறும் வியாபாரி எடுத்துக்கொள்கிறார். ஜோடிக்குப் பத்து ரூபாய் கொடுத்தவர் இப்போது நான்குதான் தருகிறார். நிறத் தீவனம் போடுங்கள், இல்லாவிட்டால் என்னிடமே புதுத் தாய் மீன் வாங்குங்கள் என்கிறார். எந்த நிறத் தீவனம் நல்லது?

பதில்: தீவனத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் கரோட்டினாய்டு என்னும் நிறமி வேண்டும். அதை மீன் தானே உண்டாக்கிக்கொள்ளாது. பாசி போன்ற இரையிலிருந்துதான் பெறும். ஸ்பைருலினா என்னும் பாசி கலந்த எந்தத் தீவனமும் சிவப்பைச் சற்று ஏற்றும். நீலத்துக்கும் கருப்புக்கும் அதனால் பயனில்லை. வால் ஓர் இம்மிகூட நீளாது. வெயில் படும் தொட்டி ஒன்றில் தண்ணீரைப் பச்சை பிடிக்கவிட்டு மொய்னா என்னும் சிறு நீர்ப்பூச்சியை வளர்த்துக் கொடுங்கள். டப்பாவுக்குப் போகும் பணம் மிச்சமாகும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. பெரியவற்றை விற்றுவிட்டு, முந்தி நிறம் காட்டியவற்றை இனத்துக்கு வைக்கிறீர்கள். ஆண் கப்பி பருவம் அடைந்ததும் அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். முந்திப் பருவம் அடைவது பெரும்பாலும் சிறிய மீன்தான். தலைமுறைதோறும் சிறியதையே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்; குஞ்சு சிறுக்காமல் என்ன செய்யும்? விதைநெல் வயலில் கலவன் என்னும் வேற்று ரகப் பயிரைப் பிடுங்காமல் அறுப்பீர்களா? தொட்டியில் கலவனை நிறுத்திக்கொண்டு நல்லதை வியாபாரி கூடையில் போட்டுவிட்டீர்கள். இனி நான்கு மாதம் பொறுத்து, உடலும் வாலும் தேறிய ஆண்களை முதலில் உங்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம்தான் விற்பனைக்கு.

ஆணை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது. கப்பி வளர்ப்பவர்களிடம் நான் ஓயாமல் சொல்லும் ஒன்று உண்டு: கன்னிப் பெண் மீனைத் தனியே பிரிக்காதவரிடம் இனம் என்று எதுவும் இருக்க முடியாது. பெண் கப்பி ஒருமுறை இணைந்தால் அந்த விந்தணுவை உடலில் பல மாதங்கள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஓர் ஈற்று என அடுத்தடுத்து ஈனிக்கொண்டே இருக்கும். நீங்கள் இன்று அருமையான ஆணைக் கொண்டுவந்து விட்டாலும், வயிற்றில் ஏற்கெனவே இருப்பது பழைய சோனி ஆணின் வித்தாக இருக்கலாம்.

பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்தே பிரிக்கத் தொடங்குங்கள். நான்கு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். சிறு கண்ணாடிக் குடுவையில் ஐந்தாறு குஞ்சுகளை விட்டு, காலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பெண் குஞ்சின் அடிவயிற்றில், குதத் துடுப்புக்குச் சற்று மேலே, கரும்புள்ளி ஒன்று மங்கலாகத் தெரியும். துடுப்பு விசிறி போல விரிந்திருக்கும். ஆணுக்கு அந்தத் துடுப்பு கூம்பி, போகப்போகக் குச்சியாக நீளும். ஐயம் வந்தால் ஆண் தொட்டியில் போடுங்கள். பெண் தொட்டிக்குள் ஓர் ஆண் தப்பிவிட்டால் அந்தத் தொட்டியே வீண்.

1920-லேயே டென்மார்க் அறிஞர் யோஹன்னஸ் ஷ்மிட், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் நிறக்குறி கப்பியில் உண்டு என்று காட்டினார். அதை அரைகுறையாகக் கேட்டவர்கள், நல்ல ஆண் போதும், பெண் எதுவானாலும் சரி என்று சொல்லித் திரிகிறார்கள். நிறத்திலும் வால் அமைப்பிலும் தாய்வழி இறங்கும் குணங்களும் பல உண்டு. பெண்ணின் உடலில் அவை வெளியே தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். அதனால் நல்ல ஆண்கள் பிறந்த ஈற்றிலிருந்தே, வால் உடலோடு சேரும் இடமான வால்காம்பு தடித்த பெண்களை எடுங்கள். அண்ணன் தங்கையையே தொடர்ந்து சேர்க்காமல், இரண்டு குடும்பங்களைத் தனித்தனியே நடத்தி, சில தலைமுறைக்கு ஒருமுறை மாற்றிச் சேருங்கள். இதற்கு உங்கள் ஆறு தொட்டிகள் போதாது; பழைய பிளாஸ்டிக் டிரம்மை நெடுக அறுத்தால் குஞ்சுகளுக்கு இரண்டு தொட்டி கிடைக்கும்.

வியாபாரி தரும் புதுத் தாய் மீனை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஆணும் பெண்ணும் ஒரே பையில் கலந்து வரும் மீனில் கன்னி மீன் இருக்காது. இன்னொரு மோசடியும் இந்தத் தொழிலில் உண்டு. ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து, வயதுக்கு மீறிய நிறத்தை வரவழைத்து விற்பார்கள். தீவனம் நின்றதும் நிறம் மங்கத் தொடங்கும். இனப்பெருக்கத்துக்கும் அந்த மீனை நம்ப முடியாது. விரல் நகம் அளவு மீன் முழு நிறத்தில் மின்னினால் கை வைக்காதீர்கள். உங்கள் மீனுக்கு விலையைக் குறைத்துவிட்டு, தன் மீனைக் கூடுதல் விலைக்கு உங்கள் தலையில் கட்டுபவர் சொல்லும் ஆலோசனைக்கு நீங்கள் ஏன் செவி சாய்க்க வேண்டும்? நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. உங்களுக்கு ஒரு பஸ் பயணம். அங்கே போய் விசாரியுங்கள்.

தண்ணீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை. சற்றே கடினமான போர் தண்ணீர் கப்பிக்கு ஒத்துக்கொள்ளும். இறைத்ததும் ஒரு நாள் ஆற விட்டுப் பயன்படுத்துங்கள். மேட்டூர் திறந்து குறுவைக்கு மருந்தடிக்கத் தொடங்கியபின் வாய்க்கால் தண்ணீரைத் தொட்டிக்குள் விடவே கூடாது.

கழித்த மீன்களை அந்த வாய்க்காலில் கொட்டவும் கூடாது. கப்பி தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன். குட்டியாகவே ஈனும், எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். நம் குளத்துச் சிறு மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கழிவைப் பெரிய மீன் வளர்ப்பவரிடம் இரைக்குக் கொடுத்துவிடுங்கள். இந்த வாரமே குஞ்சுத் தொட்டியைப் பிரியுங்கள். இப்போது பிரிக்கும் பெண்களுக்கு நல்ல ஆண் சேரும்வரை வியாபாரிக்கு மீன் தராதீர்கள்.