பீட் கரைந்துவிட்டது, கட்டி மட்டும் ஏன் மிஞ்சியது?

கேள்வி: மீசன்கைமல் ஸ்டெம் செல்களை (ஒட்டி வளரும் ஒரு வகைக் குருத்தணுக்கள்) ஸ்பின்னர் பிளாஸ்கில் (கலக்கிக்கொண்டே இருக்கும் குடுவை), 100 மில்லி மீடியத்தில் (ஊட்டக் கரைசல்), மைக்ரோகேரியர் பீடுகள்மேல், அதாவது செல்கள் ஒட்டி வளரும் நுண்மணிகள்மேல் வளர்க்கிறேன். பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் பீடில், செல்களைப் பிரிக்கும் ட்ரிப்சின் நொதியைப் போட்டால் பாதிச் செல்கள் பீடிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன. அதனால் கரையும் பீடுக்கு மாறினேன். பாதி மீடியத்தை எடுத்துவிட்டு, அதே அளவு ஈடிடிஏ–பெக்டினேஸ் கரைசல் (கால்சியத்தைப் பிடிக்கும் ஒரு வேதிப்பொருளும் பெக்டினை வெட்டும் நொதியும்) ஊற்றினேன். பத்து நிமிடம் கழித்து வழக்கம்போல சீரம் கலந்த மீடியத்தைச் சேர்த்து நிறுத்தினேன். பீட் தெரியவில்லை. ஆனால் பிபெட்டில் ஏறாத வழவழப்பான கட்டிகள் மிஞ்சின. தவறு எங்கே? அல்ஜினேட் பீடுக்கு மாறிவிடலாமா?

பதில்: பீடை மாற்ற வேண்டாம். கைப்பழக்கத்தை மாற்றினால் போதும். நீங்கள் ட்ரிப்சினுக்குப் பழகிய கையோடு இந்தப் பீடைத் தொட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பீட் பாலிகேலக்டுரோனிக் அமிலத்தால் ஆனது, அதாவது பெக்டினின் நெருங்கிய உறவு. நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துவது கால்சியம் அயனி. ஈடிடிஏ அந்தக் கால்சியத்தைப் பிடுங்குகிறது, பெக்டினேஸ் அவிழ்ந்த சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும். ஈடிடிஏ மட்டும் என்றால் பீட் கண்ணுக்கு மறையும், ஆனால் சங்கிலிகள் முழு நீளத்தில் கரைசலிலேயே மிதக்கும். அந்தக் கொழகொழப்பில் சென்ட்ரிபியூஜில் சுற்றினாலும் செல்கள் ஒழுங்காக அடியில் இறங்காது.

முதல் தவறு, பீடைக் கழுவாமல் கரைசலை ஊற்றியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டிஎம்இஎம் என்னும் வழக்கமான மீடியத்தில் கால்சியம் 1.8 மில்லிமோலார், அதாவது ஒரு மில்லியில் 1.8 மைக்ரோமோல். மிஞ்சிய 50 மில்லியில் 90 மைக்ரோமோல் இருக்கும். நீங்கள் ஊற்றியது 5 மில்லிமோலார் ஈடிடிஏ என்று வைத்துக்கொண்டால், 50 மில்லியில் 250 மைக்ரோமோல். ஒரு ஈடிடிஏ மூலக்கூறு ஒரு கால்சியத்தைத்தான் பிடிக்கும். ஆக, பீடைத் தொடுவதற்கு முன்பே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீடியத்துக்கே செலவாகிவிட்டது. சீரத்தில் வரும் கால்சியத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. பீடுகளை அடியில் இறங்க விட்டு, மீடியத்தை முடிந்தவரை உறிஞ்சி, கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) இரண்டு முறை கழுவுங்கள். பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். கால்சியம் சேர்த்த பிபிஎஸ்ஸும் உண்டு, அலமாரியில் இரண்டும் அருகருகே இருக்கும்.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. ட்ரிப்சினை நிறுத்த சீரம் ஊற்றுவது சரி, ஏனென்றால் சீரத்தில் ட்ரிப்சினைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. பெக்டினேஸை அப்படி அவசரமாக நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. அது வெட்டும் பொருள் விலங்குச் செல்லில் கிடையாது. ட்ரிப்சின் லைசினும் ஆர்ஜினினும் வரும் இடங்களில் புரதத்தை வெட்டுவது. நேரம் கூடினால் செல்லின் மேற்பரப்புப் புரதங்களையும் மழித்துவிடும். இங்கே அந்தப் பயம் குறைவு. (சுத்திகரிக்காத பெக்டினேஸ் என்றால் கொஞ்சம் புரதம் வெட்டும் நொதியும் கூடவே வரலாம்.) நீங்கள் பாதியில் மீடியத்தை ஊற்றியபோது கால்சியம் திரும்ப வந்தது. ஈடிடிஏ தீர்ந்து போயிருந்தால், வெட்டுப்படாத சங்கிலிகள் மறுபடி கைகோத்துக்கொள்ளும். அவிழ்த்த முடிச்சை நாமே போட்ட கதை.

பீட் உண்மையில் கரைகிறதா என்பதை கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். ஒரு துளியை எடுத்து வைத்தால் முதலில் பீடின் கூர்மையான, பளிச்சென்ற விளிம்பு மங்கும். அப்புறம் பீட் உப்பும். பிறகு விளிம்பே தெரியாது. செல்கள் மட்டும் வளையமாக, உள்ளே ஒன்றுமில்லாத கூடு போல நிற்கும். மெதுவாகப் பிபெட் செய்தால் அந்தக் கூடு உடையும். விளிம்பு மறையும்வரை காத்திருங்கள், அதுவரை மீடியத்தைத் தொடாதீர்கள்.

சரி, கூடு உடையவில்லை என்றால்? கரையும் பீடை விற்பவர்கள் அடக்கி வாசிக்கும் இடம் இதுதான். பீட் கரைந்தால் செல் பீடிலிருந்து பிரியும். செல் செல்லிலிருந்து பிரியும் என்று அர்த்தமில்லை. இந்த வகைச் செல்கள் கொலாஜன், ஃபைப்ரோநெக்டின் என்னும் இழைப் புரதங்களைச் சுரந்து தமக்கே ஒரு போர்வை நெய்துகொள்கின்றன. நாட்கள் கூடக் கூடப் பீடுகளையே பாலம் போட்டுப் பின்னிவிடும். ஈடிடிஏ, செல்லைச் செல்லோடு கோக்கும் கேட்ஹெரின் புரதத்தின் பிடியைத் தளர்த்தும், ஏனெனில் அதற்கும் கால்சியம் வேண்டும். கொலாஜன் வலையை அது ஒன்றும் செய்யாது. அதற்குக் கரைசலில் கொஞ்சம் புரத நொதி சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் கொலாஜனை வெட்டும் கொலாஜனேஸ் நொதி வேண்டாம்: அது வேலை செய்யக் கால்சியம் தேவை, ஈடிடிஏ இருக்கும் குடுவையில் அது செத்த பாம்பு.

உங்களிடம் மிஞ்சிய கட்டி எந்த வகை என்று இன்றே தெரிந்துகொள்ளலாம். கட்டியை மூன்று சிறு குழாய்களில் பிரியுங்கள். ஒன்றில் புதிய ஈடிடிஏ–பெக்டினேஸ். கரைந்தால் அது மறுபடி இறுகிய பீட். இரண்டாவதில் ட்ரிப்சின், கரைந்தால் செல்கள் நெய்த வலை. மூன்றாவதை நன்றாகக் கழுவி, மெக்னீசியம் சேர்த்து டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி). கரைந்தால் செத்த செல்களிலிருந்து வெளியே வந்த டிஎன்ஏ. டிஎன்ஏஸுக்கு மெக்னீசியம் வேண்டும், ஈடிடிஏ மிச்சம் இருந்தால் சோதனையே பொய்யாகிவிடும். அதனால்தான் கழுவச் சொல்கிறேன். உங்கள் விவரணையைப் பார்த்தால் முதல் குழாய்மீதுதான் எனக்குச் சந்தேகம்.

அல்ஜினேட் விஷயம்: அதுவும் கால்சியத்தால் இறுகும் ஜெல்தான், சோடியம் சிட்ரேட்டிலோ ஈடிடிஏவிலோ கரையும். ஆனால் வெறும் அல்ஜினேட்டில் செல் ஒட்டாது, ஆர்ஜிடி போன்ற ஒட்டும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) கோத்திருக்க வேண்டும். பொதுவாகச் செல்லை உள்ளே பொதிந்து வளர்க்கத்தான் அது தோது. உங்களுக்கு இருக்கும் கால்சியக் குழப்பம் அங்கேயும் அப்படியே வரும்.

ஒன்று கேட்க மறந்தேன். பாலிஸ்டைரீனில் ‘பாதிச் செல்கள்’ தங்கின என்பதை எப்படிக் கணக்கிட்டீர்கள்? அடுத்த முறை கரைக்கும் முன், பீடோடு சேர்த்து 1 மில்லி எடுத்து வையுங்கள். மீடியத்தை நீக்கிவிட்டு, 0.1 மோலார் சிட்ரிக் அமிலத்தில் 0.1 சதவீத கிரிஸ்டல் வயலட் கலந்த கரைசலை ஊற்றி 37 டிகிரியில் வைத்தால் செல்கள் உடைந்து உட்கருக்கள் ஊதா நிறத்தில் வெளியே வரும், எண்ணலாம். அந்த எண் கையில் இல்லாமல் எந்தப் பீட் நல்லது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.