காற்றுத் தலையணையில் தலை உருள்வது குறித்து

வணக்கம். டிபியு (சூடாக்கினால் ஒட்டிக்கொள்ளும் ஒருவகை நெகிழ் பிளாஸ்டிக்) பூசிய நைலான் துணியில் நீங்கள் ஒட்டிச் செய்த தலையணை பந்துபோல் உப்பி, தலையை ஒருபுறம் உருட்டிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். துணியில் குறையில்லை, தடுப்பே இல்லாத ஒற்றை அறையில் காற்று எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் நடுப்பகுதி உருண்டையாகத்தான் எழும். மேல்துணியையும் கீழ்த்துணியையும் நடுவில் சில இடங்களில் சேர்த்து ஒட்டினால், அங்கே பள்ளம் விழுந்து தலை நிலையாக அமரும். அந்த ஒட்டுகள் வட்டமாகவே இருக்கட்டும், ஏனெனில் நேர்க்கோட்டு ஒட்டின் முனையில் இழுவிசை குவிந்து, அங்கிருந்துதான் பிரியத் தொடங்கும். கழுத்துக்குத் தனி அறையும் தனி வால்வும் வைப்பதே என் பரிந்துரை. படுத்தபின் வால்வை மெல்லத் திறந்து, காது அழுந்தாத அளவுக்குக் காற்றை வெளியேற்றுங்கள். விமானம் மேலெழும் முன்பே ஊதுவதானால் இன்னும் குறைவாக ஊதுங்கள்: கேபின் அழுத்தம் தரையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைவதால், உள்ளிருக்கும் காற்று விரிந்து தலையணை இறுகிவிடும்.