ஸ்நார்க்கல் போட்டும் இன்ஜினுக்குள் தண்ணீர்: பட்டறையிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

கேள்வி: பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் இருக்கிறேன். ஆற்றுக்கு அக்கரையில் மூன்று ஏக்கர் செம்பனை. மழைக்காலத்தில் தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். என் டீசல் ஃபோர் வீல் பிக்கப்புக்கு 1,850 ரிங்கிட் கொடுத்து ஸ்நார்க்கல் (இன்ஜினுக்குக் காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) போட்டேன். "ஒரு மீட்டர் தண்ணீரில் தைரியமாகப் போகலாம்" என்று பட்டறைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். இரண்டே வாரத்தில் ஆற்றின் நடுவில் இன்ஜின் நின்றது. இருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்தேன், சுற்றவில்லை. வேறொரு ஃபோமன் (மெக்கானிக்) 14,600 ரிங்கிட் செலவு சொல்கிறார். போட்ட பட்டறையோ, "நீங்கள் ஆழத்தில் விட்டுவிட்டீர்கள், பில்லைப் பாருங்கள், வேலை முடிந்தபின் வரும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறது. வண்டியைக் கொண்டு வந்தால் இலவசமாகப் பிரித்துப் பார்ப்பதாகவும் சொல்கிறார்கள். இன்சூரன்ஸும் கைவிரித்துவிட்டது. புகார் செய்தால், வண்டியை மாற்றியதற்காக ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) என்னையே பிடிக்குமா?

பதில்: முதலில் அந்த இலவசத்தை ஏற்காதீர்கள். உங்கள் வழக்கின் சாட்சி முழுவதும் அந்த ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் இருக்கிறது. எதிராளியின் கையில் அது பிரிக்கப்பட்டுவிட்டால், துடைத்த பெட்டியும் புதிதாகப் பூசிய சிலிகோனும்தான் மிஞ்சும். ஆனால் பட்டறையை ஒதுக்கிவிட்டு நீங்களாகவே பிரித்து மாற்றினாலும் தவறு. குறையைச் சரிசெய்ய வாய்ப்பே தரவில்லை என்று வாதாடுவார்கள். இரண்டு தரப்புக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது பட்டறையில் நாள் குறித்து, அவர்களையும் எழுத்து மூலம் வரச் சொல்லுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால் அழைத்த கடிதமே உங்களுக்குச் சாட்சி.

கேள்வி ஆற்றின் ஆழத்தைப் பற்றியதல்ல, தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்பதுதான். ஸ்நார்க்கலின் வாய் கூரை உயரத்தில் இருக்கிறது. அந்த வழியாகத் தண்ணீர் புகுந்திருந்தால் இருக்கையும் டேஷ்போர்டும் நனைந்திருக்க வேண்டும். கதவின் வெளிப்புறத்தில் சேற்றுக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளவுநாடாவை வைத்துப் படம் எடுங்கள். கோடு கண்ணாடிக்குக் கீழே, உள்ளே இருக்கை காய்ந்திருக்கிறது என்றால், தண்ணீர் கீழே உள்ள குழாய் இணைப்புகளின் வழியாகத்தான் போயிருக்கிறது.

அந்த இணைப்புகளைப் பார்ப்போம். ஃபில்டர் பெட்டியின் அடியில் மழைத்தண்ணீர் வடிவதற்குக் கம்பெனியே விட்ட சிறு துளை இருக்கும். ஸ்நார்க்கல் போடுகிறவர் அதை அடைக்க வேண்டும். அவசர வேலையில் மறந்து போவது பெரும்பாலும் இதைத்தான். அடுத்து, மட்கார்டைத் துளைத்து வரும் குழாய் பெட்டியோடு சேரும் இடம்: கிளிப் இறுக்கமாக இருக்கிறதா, சிலிகோன் சுற்றிலும் ஓடியிருக்கிறதா, கை படாத பின்பக்கத்தில் விட்டுப் போயிருக்கிறதா. பெட்டி மூடியின் ரப்பர் விளிம்பு மடங்கியிருக்கிறதா. ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான பக்கத்தில் மணல் படிந்திருக்கிறதா. டர்போ குழாயிலும் இண்டர்கூலரிலும் தேங்கிய தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி வையுங்கள். பிறகு காற்றுக்குழாயில் புகை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே கசிகிறதோ அங்கே புகை வரும். இதை வீடியோ எடுத்து, ஃபோமன் கையெழுத்திட்ட ஒரு பக்க அறிக்கையோடு வையுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே இன்ஜினைப் பிரிக்கலாம்.

உங்களுக்குப் பாதகமானதையும் சொல்லிவிடுகிறேன். டீசல் இன்ஜினின் சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் தண்ணீர் காற்றைப்போல அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். முதல் முறை நின்றபோதே வளைந்திருக்கலாம், நீங்கள் இருமுறை சாவி திருப்பியதில் கூடுதலாக வளைந்திருக்கலாம். அதை மறைக்காதீர்கள். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழியையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தொகை குறையலாம், வழக்கு விழாது. ஆழத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஸ்நார்க்கல் காற்று வழியை மட்டுமே உயர்த்துகிறது. டிஃப்ரன்ஷியல், கியர்பாக்ஸ் பிரீதர் (காற்றுத் துளை), ஆல்டர்னேட்டர் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கின்றன. ஃபோர்டு ரேஞ்சர் போன்ற வண்டிக்குக் கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழம் 800 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அதைத் தாண்டி ஒரு மீட்டர் என்று வாக்குக் கொடுத்தது பட்டறை; அந்த வாட்ஸ்அப் செய்தியை தேதியும் எண்ணும் தெரியும்படி அச்செடுங்கள். போனில் உள்ள செய்தியையும் அழிக்காமல் வையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, சேவை தருகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், அதற்குத் தகுந்த பலன் தர வேண்டும் என்பது 54-ஆம் பிரிவு. ஆற்றைக் கடக்கத்தான் என்று நீங்கள் எழுதியது அதே வாட்ஸ்அப்பில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பில்லின் அடியில் உள்ள "பொறுப்பில்லை" வாசகத்துக்காகப் பயப்பட வேண்டாம். இந்த உத்தரவாதங்களைத் தனியார் வாசகம் போட்டு ஒதுக்க முடியாது என்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது.

வழக்கு போட இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், உங்களுக்கு ஈப்போ கிளை. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட். படிவம் 1 நிரப்ப வேண்டும். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வர முடியாது, நீங்களே பேச வேண்டும். ஆகவே தாள்களை வரிசைப்படுத்திக் கொண்டு போங்கள். மனுவில் பட்டறையின் பலகைப் பெயரை எழுதிவிடாதீர்கள். எஸ்எஸ்எம்-இல் (நிறுவனப் பதிவு ஆணையம்) தேடி, பதிவான பெயரும் உரிமையாளர் பெயரும் எடுத்து எழுதுங்கள். பெயர் தவறினால் வாங்கிய தீர்ப்பைச் செயல்படுத்துவது பெரும்பாடு. அதற்கு முன் பதிவு அஞ்சலில் 14 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். 1,850, பழுது செலவு, வண்டி இழுத்த கூலி என்று தனித்தனியாகப் பில்லோடு கேளுங்கள்.

நீங்கள் அந்த வண்டியில் செம்பனைக் குலைகளை ஏற்றி விற்பதால் "இவர் பயனீட்டாளரே அல்ல, வியாபாரி" என்று அவர்கள் கிளப்பலாம். சட்டம் விலக்குவது முதன்மையாக மறுவிற்பனைக்கும் உற்பத்திச் செயல்முறைக்கும் வாங்குவதைத்தான். நீங்கள் ஸ்நார்க்கலை மறுபடி விற்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது, சந்தைக்குப் போவது எல்லாம் அந்த வண்டியில்தான் என்றால் அதையும் சொல்லுங்கள். நடுவர் மன்றம் ஏற்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது. ஒப்பந்த வழக்குக்கு அங்கே ஆறு ஆண்டு அவகாசம் உண்டு.

இன்சூரன்ஸ் மறுத்ததில் வியப்பில்லை. சாதாரண முழுக்காப்புப் பாலிசி இயந்திரப் பழுதைத் தராது. வெள்ளத்துக்கே தனியாகக் கூடுதல் காப்பு வாங்க வேண்டும்; ஆற்றில் நாமே இறங்கியதை வெள்ளம் என்று காட்டுவதும் கடினம்.

ஜேபிஜே விஷயத்துக்காகப் புகாரை நிறுத்தாதீர்கள். நடுவர் மன்றம் விசாரிப்பது உங்களுக்கும் பட்டறைக்கும் இடையிலான பணத் தகராறை மட்டும். ஆனால் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி வண்டியில் செய்யும் மாற்றத்துக்குப் பொறுப்பு பதிவு உரிமையாளருடையது. மட்கார்டு வெட்டப்பட்ட படத்தோடு மாநில ஜேபிஜே அலுவலகத்துக்கு, இந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வண்டியில் வையுங்கள். சாலையில் நிறுத்தும் அதிகாரியிடம் வாய்ப்பேச்சு எடுபடாது.

மறுபடி ஸ்நார்க்கல் பொருத்தினால், பணம் கொடுக்கும் முன் இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு அதன் வாயைத் தடித்த பிளாஸ்டிக்கால் மூடச் சொல்லுங்கள். சில வினாடியில் மூச்சுத் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று கசிகிறது, வண்டியை எடுக்காதீர்கள்.