அப்பாவுக்குப் பித்தநாளத்தில் கட்டி, உடனே ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கிற சிறு குழாய்) வைக்கலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

எம்ஆர்சிபி (பித்தநாளத்தைக் காட்டுகிற எம்ஆர்ஐ ஸ்கேன்), கான்ட்ராஸ்ட் சிடி (மருந்து ஏற்றி எடுக்கிற சிடி ஸ்கேன்) இரண்டும் எடுத்தாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். எடுத்திருந்தால், கல்லீரல் அறுவை செய்கிற சர்ஜன் ஒருவர் அந்தப் படங்களைப் பார்த்தபின் ஸ்டென்ட் பற்றி முடிவெடுங்கள். காய்ச்சலும் குளிர்நடுக்கமும் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அது பித்தநாளத்தில் கிருமித்தொற்று, அடைப்பை உடனே திறந்தாக வேண்டும்.

ஏன் இந்த வரிசை? ஸ்டென்ட் உள்ளே போனதும் வீங்கியிருந்த நாளம் சுருங்கிவிடும், சுவர் தடித்துக் காட்டும். கட்டி எதுவரை போயிருக்கிறது என்று படத்தில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆபரேஷன் முடியுமா முடியாதா என்பதோ அந்தச் சில மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

என் பெரியப்பாவுக்கு வலது, இடது நாளங்கள் சேருகிற கவட்டிலேயே வந்தது. கிளாட்ஸ்கின் கட்டி என்பார்கள். வலியே இல்லை. கண் மஞ்சள், மலம் சுண்ணாம்பாக வெளுப்பு, ராத்திரியெல்லாம் சீப்பை வைத்து உள்ளங்காலைச் சொறிந்துகொண்டிருப்பார். ஊரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கும், பேர் கீழாநெல்லிக்குப் போகும். அடைப்புக் காமாலை அப்படி இறங்காது.

ரத்தப் பரிசோதனையில் சிஏ 19-9 என்ற கேன்சர் குறியீடு அதிகம் என்று பயந்திருப்பீர்கள். வெறும் அடைப்புக்கே அது ஏறும். அதேபோல, இஆர்சிபி பிரஷ்ஷில் (வாய்வழியாகக் குழாய் விட்டு நாளத்தைச் சுரண்டி செல் எடுக்கிற சோதனை) 'கேன்சர் செல் இல்லை' என்று வந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள், அந்தச் சோதனை நிறையத் தவறவிடும். ஐஜிஜி4 ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். ஐஜிஜி4 சார்ந்த பித்தநாள அழற்சி என்று ஒரு நோய் உண்டு, ஸ்கேனில் அச்சு அசலாகக் கேன்சர் போலவே தெரியும், ஸ்டீராய்டுக்கு அடங்கும்.

முழுசாக வெட்டியெடுக்க முடிந்தால் அதுதான் நல்ல வழி, கவட்டில் வந்த கட்டியென்றால் பெரும்பாலும் கல்லீரலில் ஒரு பாதியும் சேர்ந்து போகும். முடியாதவர்களுக்கு ஜெம்சைட்டபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள். 2022-லிருந்து கூடவே டர்வலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும் தருகிறார்கள். கட்டியை அடக்கி வைக்கத்தான், குணமாக்க அல்ல, விலையும் கூட. கட்டி கல்லீரலுக்குள்ளேயே இருந்தால் எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஎச்1 மரபணு சோதனையை விடாதீர்கள், அவற்றுக்குத் தனி மாத்திரைகள் உண்டு.

ஸ்டென்ட் வைத்தே ஆகவேண்டி வந்தால் பிளாஸ்டிக்கா, மெட்டலா என்று கேட்டு எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் சுமார் மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும். இடையில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த ராத்திரியே கூட்டிப் போங்கள்.