இயற்கையோடு ஆன்மிகத் தொடர்பை வளர்த்துக்கொள்வது எப்படி? பூமி குணமடைய அது உதவுமா?

தியானத்தின் மூலமும் பிரார்த்தனையின் மூலமும் நல்ல ஆற்றலை அனுப்பிப் பூமியின் காயங்களை ஆற்ற முடியுமா, அதற்கு இயற்கையோடு எப்படித் தொடர்பு ஏற்படுத்திக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நெடுங்காலமாகத் தியானப் பழக்கம் உள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன்: கண்மூடி அமர்ந்து அனுப்பிய நல்லெண்ணத்தால் கழிவு கலந்த ஆறு எதுவும் தெளிந்ததாக நான் கண்டதில்லை. தியானம் மாற்றுவது தியானிப்பவரை. அவர் எழுந்து சென்று எதைப் பார்க்கிறார், எதைச் செய்கிறார், முன்பு செய்துவந்த எதைக் கைவிடுகிறார் என்பதைப் பொறுத்தே பூமிக்குப் பயன் உண்டு.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் டோனி ரினாடோ என்பவர் என் நினைவுக்கு வருவார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வேளாண் வல்லுநர் 1980களின் தொடக்கத்தில் கிறித்தவ ஊழியப் பணிக்காக மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜருக்குச் சென்று, வறண்டுகொண்டிருந்த மராடி வட்டாரத்தில் மரம் வளர்க்கும் பணியை மேற்கொண்டார். நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983இல் ஒருநாள், கன்றுகளை ஏற்றிச் சென்ற வண்டியை மணற்பாங்கான இடத்தில் நிறுத்தி, சக்கரங்களின் காற்றைக் குறைக்க இறங்கியவர், எத்திசையிலும் வெற்று நிலமே தெரிவதைக் கண்டு மனம் தளர்ந்து, வழிகாட்டுமாறு இறைவனை வேண்டினார். பிறகு, அருகில் நின்ற ஒரு புதரிடம் சென்று அதன் இலையைக் கூர்ந்து பார்த்தபோது, அது புதரே அல்ல, என்றோ வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த கிளை என்பதைக் கண்டுகொண்டார். அத்தகைய அடிக்கட்டைகள் உயிருள்ள வேர்களோடு அந்நிலமெங்கும் மண்ணுக்குள் இருந்தன. ஆண்டுதோறும் விதைப்புக்கு முன் உழவர்கள் அந்தத் துளிர்களை வெட்டி அப்புறப்படுத்தி வந்தார்கள்.

அதன் பிறகு செய்ய வேண்டியிருந்தது எளிய வேலைதான்: ஒவ்வொரு கட்டையிலும் வலுவான சில துளிர்களை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழிக்க வேண்டும், விட்டவற்றைக் கால்நடைகளிடமிருந்தும் கோடரியிடமிருந்தும் காக்க வேண்டும். மரங்களெல்லாம் அரசின் உடைமை என்ற காலனிய காலச் சட்டத்தின் பிடி தளர்ந்து, தங்கள் வயலில் வளரும் மரம் தங்களுக்கே பயன்படும் என்ற நம்பிக்கை உழவர்களுக்கு ஏற்பட்டதும் இம்முறை ஊர் ஊராகப் பரவியது. இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரங்கள் மீண்டும் எழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை எவருடைய கையாலும் நடப்படாதவை. அந்த வேண்டுதலுக்குக் கிடைத்த விடையாகவே அவர் அதைக் கருதுகிறார், அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் வேண்டுதலுக்கு முன்பும் அந்த வேர்கள் அங்கேதான் இருந்தன என்பதையும், கடந்து போயிருக்கக்கூடிய ஒரு மனிதரை அந்த வேண்டுதல் நின்று பார்க்க வைத்தது என்பதையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஆன்மிகத் தொடர்பு என்று நான் சொல்வது இந்த நின்று பார்த்தலைத்தான். நான் கடைப்பிடிக்கும் முறை மிகவும் எளியது. ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அழகான இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை, அடிக்கடி போய்வரக்கூடியதாக இருந்தால் போதும். பருவம் மாறினாலும் அங்கேயே சென்று அமருங்கள். அங்குள்ள செடிகளின் பெயர்களையும், வந்துபோகும் பறவைகளையும், மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதையும் மெல்ல மெல்லத் தெரிந்துகொள்ளுங்கள். வளமான மண் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் 100 கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கும் என்பதை அறிந்தவர் காலடி மண்ணை வெறும் தரையாக நினைக்க மாட்டார். மூச்சைக் கவனிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், உள்ளே வரும் ஆக்சிஜன் இலைகளாலும் கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களாலும் உண்டாக்கப்பட்டது என்பதையும், பூமியில் உற்பத்தியாவதில் ஏறத்தாழப் பாதி கடலிலிருந்து வருகிறது என்பதையும் அந்தக் கவனத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் எந்த மந்திரத்தையும்விட இந்த நினைவு மனத்தை விரைவாக அடக்குகிறது.

இயற்கை நம்மைக் குணப்படுத்துவது பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. காட்டின் சூழலில் அமைதியாக உலவி நேரம் கழிக்கும் வனக் குளியல் என்னும் பழக்கத்தை ஜப்பானிய வனத்துறை 1982இல் அறிமுகப்படுத்தியது. சன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த அறுவைச் சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சற்று விரைவாகத் தேறினார்கள் என்று 1984இல் ரோஜர் உல்ரிச் தம் ஆய்வில் காட்டினார். நீங்கள் கேட்டது இதற்கு எதிர்த்திசையில் என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

அறிவு சேராத பக்தி கேடும் செய்யும் என்பதைச் சொல்லியாக வேண்டும். புண்ணியம் கருதிக் கடையில் ஆமைகளையும் மீன்களையும் வாங்கி நீர்நிலைகளில் விடுதலை செய்யும் வழக்கம் ஆசியாவின் பல பகுதிகளில் உண்டு. அப்படி விடப்பட்ட உயிர்களில் பல புதிய சூழலில் மடிகின்றன. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சிவப்புக்காது ஆமை போன்றவை பிழைத்துப் பெருகி உள்ளூர் ஆமைகளின் இடத்தைப் பறித்துக்கொள்கின்றன. இயற்கையான புல்வெளியில் மரம் நடுவதும் இத்தகையதே. மரமில்லாத நிலமெல்லாம் நோயுற்ற நிலம் என்று நினைப்பவர், அந்தப் புல்லையே நம்பி வாழும் பறவைகளையும் பூச்சிகளையும் தம்மையறியாமல் அழிக்கிறார்.

ஒரு மக்கள் கூட்டத்தின் ஆன்மிக உறவு சட்டமாகவே மாறியதும் உண்டு. நியூசிலாந்தின் வாங்கனூயி ஆற்றைத் தங்கள் மூதாதையாகக் கருதும், அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் 1870கள் முதல் அதற்காகப் போராடினார்கள். 2017இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அந்த ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக அங்கீகரித்து, அதன் சார்பில் பேச அரசின் தரப்பில் ஒருவரும் மாவோரிகளின் தரப்பில் ஒருவரும் நியமிக்கப்பட வழிசெய்தது. அந்த ஆறே நாம் என்ற உணர்வு, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக மனுக்களாகவும் வழக்குகளாகவும் உழைத்திருக்கிறது.

தனி ஒருவராக என்ன செய்வது என்றால், புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு முன், நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தை எது புண்படுத்திக்கொண்டிருக்கிறது என்று தேடி அதை நிறுத்த முயலுங்கள். 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் ஓசோன் படலத்தை எவரும் தைக்கவில்லை. அதை அரித்த வேதிப்பொருள்களின் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்தியதாலேயே அது மெல்லத் தேறி வருகிறது. உங்கள் அளவில் அது பூச்சிக்கொல்லியாக இருக்கலாம், ஓடையில் விழும் குப்பையாக இருக்கலாம், இலைச்சருகை எரிக்கும் பழக்கமாகவும் இருக்கலாம். தனியாக முடியாதபோது ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவரும் குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். அங்கே இருப்பவர்களில் பலருக்கு ஆன்மிகத்தில் ஈடுபாடு இருக்காது, சிலர் கேலியும் செய்யக்கூடும். அதற்காக விலக வேண்டாம், அவர்களுக்கு அந்த ஓடையைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்திருக்க வாய்ப்புண்டு.